மொய் எழுதுற மாதிரி பேர் எழுதலாமா?

வணக்கம் ஐயா,

நான் கோலாலம்பூர்ல பிஎச்டி மூணாவது வருஷம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள்கிட்ட பேட்டி எடுத்துதான் என் ஆய்வு. எங்க யூனில பட்டம் வாங்கணும்னா ஸ்கோப்பஸ்ங்கிற ஆய்வு ஜர்னல் லிஸ்ட்ல இருக்கிற ஜர்னல்ல ரெண்டு பேப்பர் வந்திருக்கணும், ஒன்னு வந்துடுச்சு. ரெண்டாவதுல எங்க டிபார்ட்மெண்ட் டாக்டர் ஒருத்தர் பேரையும் சேத்துக்கன்னு சூப்பர்வைசர் சொல்றாங்க. அவரு அந்த பேப்பர கண்ணால கூட பாத்ததில்ல. "அவரு பேப்பர்ல என் பேர் வரும், நீ போட்டுடு"ன்னு சாதாரணமா சொல்றாங்க. இதுக்கு நடுவுல ஒரு ஜர்னல்ல இருந்து ஈமெயில், 1,800 வெள்ளி கட்டுனா அஞ்சே நாள்ல அக்செப்ட் லெட்டராம். ஸ்காலர்ஷிப் செப்டம்பரோட முடியுது. எல்லாரும் செய்யிறதுதானே, கட்டிட்டு முடிங்கிறாரு வீட்டுக்காரர். நீங்க என்ன சொல்றீங்க?

பேர் வேணாம் ஐயா,
கோலாலம்பூர்

வணக்கம்மா,

உங்க கடிதத்த பட்டர்வொர்த்ல இருந்து ஃபெரில வர்றப்ப போன்ல படிச்சேன். "எல்லாரும் செய்யிறதுதானே"ங்கற இடம் வந்ததும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா அந்த எல்லாருல நானும் ஒருத்தன்.

சில வருஷம் முன்ன ஒரு தமிழ் மாநாட்டுக்கு கட்டுரை தொகுப்பு போட்டாங்க. எந்த மாநாடுன்னு கேக்காதீங்க. ஆசிரியர் குழுவுல உங்க பேர போட்டுக்கிறோம் சார்னு போன் வந்துச்சு, நானும் பெருமையா சரின்னுட்டேன், ஒரு கட்டுரை கூட படிக்கல, யாரும் படிக்க சொல்லவும் இல்ல. புக்கு வந்து மூணு மாசம் கழிச்சு சுங்கை பட்டாணியில இருந்து ஒரு வாத்தியார் கூப்புட்டு, "அண்ணே, 112ஆம் பக்கம் பாருங்க, உங்க பழைய கட்டுரை வேற ஒருத்தர் பேர்ல இருக்கு"ங்கிறாரு. எடுத்து பாத்தா நான் விட்ட எழுத்துப்பிழை கூட அப்படியே இருக்கு. திருடு போனவனும் நான்தான், காவலுக்கு நின்னவனும் நான்தான். யார்கிட்ட போய் சண்டை போடுறது?

அதனால நான் யோக்கியன்னு நெனச்சு இத படிக்காதீங்க. பட்டு தெரிஞ்சவன் சொல்றேன்.

உங்க சூப்பர்வைசர் சொல்றது மொய் கணக்கு. என் வீட்டு கல்யாணத்துக்கு நீ நூறு வெள்ளி எழுதுனே, உன் வீட்டு விசேஷத்துக்கு நான் நூறு எழுதறேன். கல்யாணத்துல அது நல்ல பழக்கம், யாருக்கும் நட்டம் இல்ல. ஆனா பேப்பர்ல பேர் போடுறது கிட்டத்தட்ட பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போடுற மாதிரி, எல்லாம் நல்லா போற வரைக்கும் ஒன்னும் தெரியாது.

லான்செட்ங்கிற மெடிக்கல் ஜர்னல் கதை கேள்விப்பட்டிருப்பீங்க. 1998ல தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சு போட்டு வேக்ஃபீல்ட் எழுதின பேப்பர், வெறும் 12 பிள்ளைங்கள வச்சு. அதுல மொத்தம் 13 பேர் பேர் இருந்துச்சு. 2004ல அதுல 10 பேர், அந்த தொடர்ப காட்ட இதுல ஆதாரம் போதாது, அந்த வியாக்கியானத்த நாங்க வாபஸ் வாங்குறோம்னு அதே லான்செட்லயே எழுதி குடுத்தாங்க. பேப்பர முழுசா நீக்க 2010 ஆயிடுச்சு. அதாவது 12 வருஷம், அதுக்குள்ள எத்தன அப்பா அம்மா பயந்து ஊசி போடாம விட்டாங்க. ஆட்டிசம் வருதுன்னு ஊசி வேணாங்கிற வாட்ஸ்அப் மெசேஜ் நம்ம குடும்ப குரூப்புக்கு இன்னிக்கும் வருதா இல்லையா, சொல்லுங்க. அந்த 13 பேர்ல யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு ஊர் உலகம் பாக்கல, பேரத்தான் பாத்துச்சு.

இதுக்கு விதியே இருக்கு. 1978ல வான்கூவர்ல மெடிக்கல் ஜர்னல் எடிட்டருங்க கூடி ஆரம்பிச்ச குழு ஒன்னு இருக்கு, ஆத்தர்னா யாருன்னு அவங்க வச்ச கணக்குதான் மருத்துவத்த தாண்டியும் நெறைய ஜர்னலுக்கு அளவுகோல். ஆய்வுல உருப்படியா பங்கு இருக்கணும், எழுதியிருக்கணும் இல்ல திருத்தியிருக்கணும், கடைசி வடிவத்த பாத்து சரின்னு சொல்லியிருக்கணும், நாளைக்கு கேள்வி வந்தா பொறுப்பா பதில் சொல்லணும். நாலும் சேந்து இருக்கணும். டிபார்ட்மெண்ட் தலைவரா இருக்கிறது, பண்டு வாங்கி குடுத்தது, இதெல்லாம் மட்டும் போதாது, அவங்களுக்கு நன்றி பகுதி இருக்கு.

சரி, சூப்பர்வைசர்கிட்ட இத போய் பாடம் எடுக்க முடியுமா, முடியாது, உங்க வைவா, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வு, அவங்க கையில இருக்கு. சண்டை வேணாம். இப்ப நெறைய ஜர்னல்ல ஒவ்வொரு ஆத்தரும் என்ன செஞ்சாங்கன்னு எழுதி தர சொல்றாங்க, அத புடிச்சுக்குங்க. மரியாதையா ஒரு ஈமெயில், ரெண்டு பேருக்கும்: "டாக்டர், ஜர்னல்ல பங்களிப்பு விவரம் கேக்குறாங்க, டிராஃப்ட் இதோட அனுப்பியிருக்கேன், உங்க பேருக்கு நேரா என்ன எழுதணும்னு சொன்னா போட்டுடறேன்." அவரு நெஜமாவே படிச்சு நாலு இடம் திருத்தி, இன்டர்வியூ டேட்டாவுல உக்காந்து வேலை செஞ்சு குடுத்தாருன்னா நல்லதுதான், தாராளமா போடுங்க. பதிலே வரலைன்னா சூப்பர்வைசருக்கே சங்கடமா போயிடும். ஈமெயில அழிக்காம வச்சுக்குங்க.

அடுத்து அந்த 1,800 வெள்ளி. காசு வாங்குறதாலேயே ஒரு ஜர்னல் மோசம்னு நான் சொல்ல மாட்டேன், யாரும் இலவசமா படிக்கிற ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்ல நல்லதுங்களே ஃபீஸ் வாங்குது. எனக்கு இடிக்கிறது அந்த அஞ்சு நாள்தான். பேப்பர படிச்சு சரி பாக்குற ரெண்டு ரிவ்யூவர கண்டுபுடிச்சு, அவங்க ஒத்துக்கிட்டு, சொந்த வேலைக்கு நடுவுல படிச்சு எழுதி அனுப்ப வாரக்கணக்குல, பல சமயம் மாசக்கணக்குல ஆகும். கொரியாவுல ஒரு ஆய்வாளர் போலி ஈமெயில் வச்சு தன் பேப்பருக்கு தானே ரிவ்யூ எழுதிக்கிட்டு 2012ல மாட்டுனாரு, எப்படி மாட்டுனாருன்னு நெனைக்கிறீங்க, ரிவ்யூ எல்லாம் 24 மணி நேரத்துக்குள்ள வந்து குமிஞ்சதுல எடிட்டருக்கு சந்தேகம் வந்துடுச்சு. 2013ல சயின்ஸ் பத்திரிகைக்காக பொஹானன்னு ஒருத்தர் வேணும்னே தப்பு தப்பா ஒரு பேப்பர் தயார் பண்ணி 304 ஜர்னலுக்கு அனுப்புனாரு, 157 ஜர்னல் அக்செப்ட் பண்ணிடுச்சு. உங்க அஞ்சு நாள் பார்ட்டிகிட்ட அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சும்மா யோசிச்சு பாருங்க.

ஸ்கோப்பஸ்ல இருக்குன்னு அவங்க வெப்சைட்ல லோகோ போட்டிருப்பாங்க, அத நம்பாதீங்க. ஸ்கோப்பஸோட சொந்த லிஸ்ட்ல போய் அந்த ஜர்னலோட அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் நம்பர போட்டு தேடுங்க, லிஸ்ட்ல இருந்து அத நிறுத்திட்டாங்களான்னும் பாருங்க, நல்ல ஜர்னல் பேர்லயே போலி வெப்சைட் நடத்துறவங்களும் இருக்காங்க. லைப்ரரில கேட்டா கூட உக்காந்து பாத்து குடுப்பாங்க. லிஸ்ட்ல இருந்தா மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல, வைலி கம்பெனி தன்னோட ஹிந்தாவி ஜர்னல்கள்ல வந்த பேப்பருங்கள்ல 8,000க்கு மேல 2023ல நீக்குச்சு, அது ஒன்னும் முட்டுச்சந்து கம்பெனி இல்ல.

நீங்க யோசிக்காத ஒன்னு, அங்க ஒரு தடவ வந்துட்டா அதே பேப்பர வேற நல்ல ஜர்னலுக்கு அனுப்ப முடியாது, வாபஸ் கேட்டா அதுக்கும் காசு கேக்குற ஆளுங்க இருக்காங்க. உங்ககிட்ட பேட்டி குடுத்த ஆசிரியர்கள் ஸ்கூல் விட்டு பசியில உக்காந்து பேசியிருப்பாங்க, அவங்க பேச்சு போய் அங்க மாட்டிக்கும்.

செப்டம்பர் விஷயம்தான் உண்மையிலேயே கஷ்டம், அதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்ல. அக்செப்ட் லெட்டர் இருந்தா போதுமா இல்ல அச்சுல வந்தே ஆகணுமான்னு உங்க போஸ்ட்கிராஜுவேட் ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க, ரெண்டுக்கும் எத்தனையோ மாசம் வித்தியாசம். இங்க உள்ளூர் யூனிங்க நடத்துற கல்வி ஜர்னல்கள்ல ஃபீஸ் வாங்காததும் இருக்கு, ஸ்கோப்பஸ்ல இருக்கிறதும் இருக்கு, அதுல முதல்ல தேடுங்க. வீட்டுக்காரர்கிட்ட அந்த 1,800 வெள்ளிய ஸ்காலர்ஷிப் நின்ன பிறகு ஒரு செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வைக்க சொல்லுங்க. டாக்டர்கிட்ட இருந்து என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்கம்மா.