வீட்டிலேயே அளக்கும் உடல் கொழுப்பு சதவீதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க நம்பலாம். "எனக்கு 22 சதவீதம்" என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு நம்ப வேண்டாம். எடை மெஷின், இஞ்ச் டேப், காலிப்பர் மூன்றோடும் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் வாங்கியது கொழுப்பு சதவீதமும் காட்டும் எடை மெஷின். ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் ஏறினேன்: 78.2 கிலோ, 25.9 சதவீதம். இறங்கி ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினேன்: 79.2 கிலோ, 26.5 சதவீதம். கணக்குப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முக்கால் கிலோ கொழுப்பு ஏறியிருக்கிறது. அதுவும் பச்சைத் தண்ணீரில்!

மெஷின் மீது தப்பில்லை, அது வேலை செய்யும் விதமே அப்படி. பாதம் படும் உலோகத் தகடுகள் வழியாக, நமக்கு உறைக்காத அளவு சிறிய மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. தசையில் தண்ணீர் அதிகம், அதனால் மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை வைத்து உடம்பில் எவ்வளவு தண்ணீர் என்று ஊகிக்கிறது. கொழுப்பு இல்லாத உடம்பில் சுமார் 73 சதவீதம் தண்ணீர் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அதிலிருந்து கொழுப்பில்லாத எடையைப் பிடித்து, மிச்சத்தையெல்லாம் கொழுப்பு என்று எழுதிவிடுகிறது. நான் குடித்த தண்ணீர் இருந்ததோ வயிற்றில். மின்சாரத்தின் வழி பெரும்பாலும் கால்கள்தான். எடை ஏறியது, தடை மாறவில்லை, பழி கொழுப்பின் மேல் விழுந்தது.

இதோடு நாம் கொடுக்கும் உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதும் சூத்திரத்துக்குள் போகிறது. என் மெஷினின் ஆப்பில் 'விளையாட்டு வீரர்' என்று ஒரு தேர்வு உண்டு. சும்மா அதைத் தட்டிப் பார்த்தேன், அதே காலையில் ஐந்து சதவீதம் குறைந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக இளைத்தவன் வேறு யாரும் இருக்க முடியாது.

அப்புறம் டேப்புக்கு வந்தேன். 1984இல் அமெரிக்கக் கடற்படைக்காக ஹாட்ஜ்டன், பெக்கெட் என்ற இருவர் உருவாக்கிய சூத்திரம் இது. ஆண்களுக்குக் கழுத்து, தொப்புள் மட்டத்தில் இடுப்பு, உயரம் போதும். பெண்களுக்கு இடுப்பை ஒடுங்கிய இடத்தில் அளக்க வேண்டும், பிட்டத்தின் சுற்றளவும் வேண்டும். என் உயரம் 172 செ.மீ., கழுத்து 38, இடுப்பு 92. வந்த விடை 22.6. அதே டேப்பைக் கொஞ்சம் தளர்த்தி 94 என்று அளந்தால் கிட்டத்தட்ட 24 ஆகிவிடுகிறது. அதனால் வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டு, மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். எக்கினால் ஏமாறுவது நாம்தான்.

காலிப்பர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோல் மடிப்பைக் கிள்ளி அளக்கும் கருவி. பழகிய கை என்றால் நல்ல கருவிதான்; என் கைக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வந்தது.

ஆர்வம் தாங்காமல், எக்ஸ்-ரே வைத்து உடம்பின் கொழுப்பை அளக்கும் டெக்ஸா (DEXA) ஸ்கேனும் ஒன்று எடுத்தேன். 29.3 சதவீதம். ஆக, ஒரே வாரத்தில், ஒரே உடம்புக்கு 22.6, 25.9, 29.3. இதில் டெக்ஸாவைத்தான் அதிகம் நம்புவேன், ஆனால் அதுவும் நூறு சதவீதம் துல்லியம் இல்லை. உடம்பின் நீர்ச்சத்து மாறினால் அதன் எண்ணும் கொஞ்சம் நகரும்.

நண்பரின் மெஷினில் வந்த எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள், இரண்டு மெஷின்களுக்குள் இருப்பது வெவ்வேறு சூத்திரம். ஒரே மெஷின், காலையில் கழிவறை போய் வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், ஈரமில்லாத பாதம். இப்படி வாரம் முழுக்கப் பார்த்து சராசரி எடுத்தால் மாதக்கணக்கில் அது எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். ஒரு நாளில் ஒரு சதவீதம் ஏறி இறங்குவதைக் கண்டுகொள்ள வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வகை மெஷினில் ஏறவே கூடாது.

ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் டேப் வாங்குங்கள். சதவீதம் கணக்கிடுவதைக்கூட நான் விட்டுவிட்டேன். வாரம் ஒரு முறை இடுப்பை மட்டும் அளந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதுகிறேன்: 92, 91.5, 91.5, 90.5. நாலு மாதத்தில் 88. மெஷினும் அப்போது இறக்கம்தான் காட்டியது. அதில் இன்னும் ஏறுகிறேன், எடை பார்க்க.