'நைஸ்' என்ற சொல்லுக்கு முன்பு 'முட்டாள்' என்று பொருளா?

ஆமாம், நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். இன்று நல்ல, இனிமையான, அன்பான என்றெல்லாம் பொருள் தரும் 'நைஸ்' ஒரு காலத்தில் வசைச்சொல். லத்தீனில் 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கீரே' என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்து 'நெஸ்கியஸ்', அதாவது ஒன்றும் அறியாதவன். (சயன்ஸ் பிறந்ததும் இதே 'ஸ்கீரே'யிலிருந்துதான்!) பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'அசடு' என்ற பொருளோடுதான் வந்தது.

அப்புறம் கூச்சமுள்ளவன், எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்பவன் என்று நகர்ந்தது. நொட்டை சொல்பவனுக்கு நுணுக்கம் தெரியும் அல்லவா? அப்படியே 'நுட்பமான' என்றானது. 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நல்ல வேறுபாடு அல்ல, நூலிழை வேறுபாடு. 'இனிமையான' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது.

நம் சமையலறையில் 'தேங்காயை நைஸாக அரைக்கவும்' என்கிறோமே, அது அந்த நுண்மைப் பொருளுக்குத்தான் பக்கம். 'நைஸா நழுவிட்டான்' என்பது மட்டும் முழுக்க நம் ஊர்க் கைவண்ணம். எந்த ஆங்கிலேயருக்கும் புரியாது.

பயன்பாட்டில் ஒரு எச்சரிக்கை: கட்டுரையிலோ விண்ணப்பத்திலோ எதையும் வெறுமனே 'நைஸ்' என்று எழுதாதீர்கள், சப்பென்று இருக்கும். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். 'நைஸ் அண்ட் வார்ம்' என்றால் இதமான கதகதப்பு. யாராவது சொதப்பியதும் இழுத்து 'நைஸ்…' என்றால், அது கிண்டல்.