எலும்பைப் பார்க்கும் போன் ஸ்கேனில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் புற்றுநோயா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். போன் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டு முழங்கால்களிலும் வலப்பக்க விலா எலும்பு ஒன்றிலும் மருந்து கூடுதலாக ஏறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். எலும்புக்குப் பரவிவிட்டதா?

பதில்: அந்த ஒரு வரியை வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம். இந்த ஸ்கேன் புற்றுநோயை நேராகப் படம் பிடிப்பதில்லை. ஊசியில் போகும், டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பாஸ்பேட் வகை மருந்து, புது எலும்பு மும்முரமாக உருவாகும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். புற்றுநோய் அரித்த இடத்தைச் சரிக்கட்ட எலும்பு முயல்வதால் அங்கே கறுப்பாகத் தெரிகிறது. தேய்ந்த மூட்டிலும், கூடிவரும் முறிவிலும், பல் பிடுங்கிய தாடையிலும் இதே வேலைதான் நடக்கிறது. அதனால் அவையும் கறுப்புதான்.

புள்ளி எங்கே இருக்கிறது, எப்படிப் பரவியிருக்கிறது என்பதை வைத்துத்தான் நாங்கள் பிரித்துப் பார்க்கிறோம். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பின் மேல்பகுதி என ரத்த அணுக்கள் உருவாகும் சிவப்பு மஜ்ஜை உள்ள இடங்களில் ஒழுங்கில்லாமல் இறைத்தாற்போல் பல புள்ளிகள் இருந்தால் கவலைப்பட வேண்டும். இரு முழங்கால்களும் சமமாகக் கறுத்திருந்தால் பெரும்பாலும் தேய்மானம். அடுத்தடுத்த விலாக்களில் ஒரே நேர்க்கோட்டில் புள்ளிகள் இருந்தால் அடிபட்டது. ஒரே விலாவின் நீளவாக்கில் ஓடும் கறைதான் உறுத்தும்.

"எங்கேயாவது விழுந்தீர்களா?" என்று எல்லோரிடமும் கேட்பேன். "இல்லையே" என்பார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கூட வந்த மகள், "ரெண்டு மாசம் முன்னாடி படியில சறுக்கினியேம்மா" என்பாள். நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்புறமும் சந்தேகம் தீராவிட்டால், அந்த விலாவை மட்டும் ஸ்பெக்ட்-சிடியில் (இந்த ஸ்கேனை முப்பரிமாணத்தில் எடுத்து, சிடி படத்தோடு சேர்த்துப் பார்ப்பது) பார்த்துவிடலாம்.

கேள்வி: ஊசி போட்டபின் மூன்று மணி நேரம் காக்கவைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எதற்கு?

பதில்: மருந்து எலும்பில் ஏறவும், ஏறாத மிச்சம் ரத்தத்திலிருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறவும் அவ்வளவு நேரம் வேண்டும். அவசரப்பட்டால் படம் மங்கலாக வரும். ஸ்கேனுக்குப் படுப்பதற்கு முன் சிறுநீர் கழிக்கச் சொல்வதும் இதனால்தான். நிரம்பிய சிறுநீர்ப்பை இடுப்பெலும்பை மறைத்துவிடும். ஒருமுறை ஒருவருக்குத் தொடையின் மேல்பக்கம் அழுத்தமாக ஒரு புள்ளி. உடையை மாற்றி மறுபடி படம் எடுத்தோம், புள்ளியைக் காணோம். துணியில் சிந்திய ஒரு சொட்டுச் சிறுநீர் அது!

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

பதில்: ஊசியில் உள்ள டெக்னீஷியம்-99எம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரே நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதிலும் சிறுநீரில் போனது போக. உங்களுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 4 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து ஒன்றரை, இரண்டு வருடங்களில் நாம் எல்லோரும் வாங்கிக்கொள்வது அது. அன்று மட்டும் குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்காதீர்கள், கழிப்பறையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுங்கள், போதும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

முன்பு இதற்கு ஸ்ட்ரான்ஷியம்-85 என்ற கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்தினார்கள். அது பாதியாக 65 நாள் ஆகும்! 1971-இல் சுப்பிரமணியன், மெக்காஃபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் டெக்னீஷியத்தைப் பாஸ்பேட்டோடு சேர்த்துக் காட்டிய பிறகுதான் இது அன்றாடப் பரிசோதனையானது.

கேள்வி: அப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய். எலும்பு நோய்தானே, ஏன் போன் ஸ்கேன் எழுதவில்லை?

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார் உங்கள் டாக்டர். மைலோமா எலும்பை அரிக்கும், புது எலும்பு உருவாவதையும் அடக்கிவிடும். மருந்து ஒட்ட இடமே இருக்காது. எலும்பு ஓட்டையாக இருக்க, ஸ்கேன் சுத்தமாக வரலாம். இதற்கு முழு உடல் சிடி, பெட்-சிடி அல்லது எம்ஆர்ஐதான் சரி.

கேள்வி: புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம். வலி குறைந்துவிட்டது, பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனை) இறங்கிவிட்டது. ஆனால் போன் ஸ்கேனில் பழைய புள்ளிகள் இன்னும் அழுத்தமாகியிருக்கின்றன. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: நன்றாக வேலை செய்வதாகவே இருக்கலாம். புற்றுச் செல்கள் அடங்கியதும் எலும்பு பழுதுபார்ப்பில் இறங்கும், அந்தச் சுறுசுறுப்பும் கறுப்பாகவே தெரியும். இதை 'ஃபிளேர்' என்போம். சிகிச்சையின் முதல் மூன்று மாதங்களில் இது சகஜம். சில சமயம் புதிதாக ஒன்றிரண்டு புள்ளிகள்கூட முளைக்கும். இந்த ஒரு படத்தைப் பார்த்து மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். சில வாரங்கள் கழித்து அதே முறையில் இன்னொரு ஸ்கேன் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் புதுப் புள்ளிகள் கூடியிருந்தால் அப்போது டாக்டரிடம் மாற்று மருந்து பற்றிப் பேசலாம்.