கல்லூரித் தோழியின் வெறித்தனமான நட்பை வைத்து உளவியல் த்ரில்லர் எழுதுகிறேன். 'இவள்தான் ஆபத்து' என்று முப்பதாவது பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

அவள் ஆரம்பத்திலேயே விசித்திரமாக நடந்துகொள்வதுதான் பெரும்பாலும் காரணம். உறங்குகிறவளை உற்றுப் பார்ப்பது, டைரியைத் திருட்டுத்தனமாகப் படிப்பது, அவளைப் போலவே உடுத்துவது. இதையெல்லாம் முதல் பாதியிலிருந்து எடுத்துவிடுங்கள். அதுவரை அவள் செய்வதெல்லாம் உதவியாகவே இருக்கட்டும், அதுவும் கதாநாயகி தானே கேட்டு வாங்கிய உதவியாக.

ஒரே செயலை மூன்று தடவை கொண்டுவாருங்கள். காலையில் எழுப்பிவிடுவதையே எடுத்துக்கொள்வோம். முதல் செமஸ்டரில், "எட்டு மணி வகுப்புக்கு என்னை எழுப்பிவிடுடி" என்று கதாநாயகியே கெஞ்சுகிறாள். இரண்டாம் செமஸ்டரில் அவள் அலாரம் வைப்பதையே விட்டிருக்கிறாள். அதை ஒரு வரியில், வேறு ஏதோ காட்சியின் நடுவே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூன்றாவது தடவை, முந்தைய நாள் சண்டை. மறுநாள் தேர்வு. கண் விழிக்கும்போது மணி 9.40. பக்கத்துக் கட்டிலில் போர்வை ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறது, தன் ஹால் டிக்கெட்டோடு தோழி போய்விட்டாள். அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. எழுப்பவில்லை, அவ்வளவுதான். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? கத்தியை விட இதுதான் பயமுறுத்தும்.

இவ்வளவு சீக்கிரம் இத்தனை நெருக்கம் வருமா என்று தயங்க வேண்டாம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹாலின் ஆய்வுப்படி, நெருங்கிய நட்பு உருவாக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டும். ஹாஸ்டல் அறையில் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் அது ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். அந்த மாதத்தை இரண்டு அத்தியாயத்தில் முடித்துவிடலாம்.

பிடி இறுகுவதற்குத் தொடர்ந்த அன்பு போதாது. எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாத பரிசுக்குப் பழகிய நடத்தை, பரிசு நின்றபிறகும் எளிதில் மறையாது என்பது உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஆகவே அவளுடைய மௌனங்கள் ஒழுங்கற்று வரட்டும். பெரிய சண்டைக்குப் பிறகு சிரித்துப் பேசுகிறாள். ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமையில் முகம் கொடுக்க மறுக்கிறாள். காரணத்தைக் கதாநாயகி தனக்குள்ளேயே தேடத் தொடங்கும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள், கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, மற்ற நண்பர்களைப் பிரிக்கும் பகுதி. பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் இங்கேதான் ஓட்டையாகின்றன. தோழி ஒரு பொய் சொல்கிறாள், நட்பு உடைகிறது. கையில் போன் இருக்கும்போது அந்தப் பொய் ஒரே மெசேஜில் வெளிப்பட்டுவிடுமே! அதனால் பொய் வேண்டாம், உண்மையையே தவறான ஆளிடம், தவறான நேரத்தில் சொல்லவையுங்கள். கதாநாயகி எரிச்சலில் மூன்றாமவளைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் அப்படியே அவள் காதுக்குப் போகட்டும். "நீ இப்படிச் சொன்னாயா?" என்று கேட்டால் கதாநாயகியால் மறுக்க முடியாது. வெட்கம் இருவரின் வாயையும் அடைத்துவிடும்.

எழுதும் முன் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று பத்திகள் (காலம்கள்) போடுங்கள்: உண்மையில் நடந்தது, கதாநாயகி நம்பியது, அந்த நேரத்தில் தோழி எங்கே இருந்தாள் என்பது. மூன்றாவது பத்தியை முதலில் நிரப்ப வேண்டும். அது காலியாக இருந்தால் கடைசியில் வரும் திருப்பம் வானத்திலிருந்து விழுந்ததுபோல இருக்கும். கதாநாயகியே 'நான்' என்று சொல்வதாகத் தன்மையில் எழுதுவதானால், "அன்று எனக்குத் தெரியவில்லை" என்ற வகை வரிகளைத் தேடித்தேடி நீக்குங்கள். ஒவ்வொன்றும் வாசகருக்கு எச்சரிக்கை மணி அடித்துவிடும்.

தோழிக்கு ஒரு மனநோயின் பெயரைச் சூட்டி எல்லாவற்றையும் விளக்கிவிடாதீர்கள். அது நோயுள்ளவர்களுக்குச் செய்யும் அநியாயம், கதையையும் தட்டையாக்கிவிடும். அவள் உண்மையிலேயே நேசிக்கிறாள், விட்டுப்போய்விடுவார்களோ என்று நடுங்குகிறாள். கதாநாயகிக்கும் இந்த நட்பில் லாபம் இருக்கட்டும்: மதிப்பெண் ஏறுகிறது, தனிமை போகிறது. அப்போதுதான் அவள் ஏன் விலகவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

உச்சக்கட்டத்துக்குக் கொலையைத் தேடி அலைய வேண்டாம், கல்லூரியே கெடு வைத்துத் தருகிறது. கடைசி செமஸ்டரில் கதாநாயகிக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது. பணி உத்தரவு மின்னஞ்சலில் வருகிறது. அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டை முதல் வருடம் விண்ணப்பம் நிரப்பும்போது தோழியிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அந்த விண்ணப்பக் காட்சியை நூறு பக்கம் முன்னாலேயே, யாரும் கவனிக்காதபடி வைத்துவிடுங்கள்.