லீவு வாங்கறது பிரச்சினை இல்ல, அம்மா நகை அடகு கடைல நிக்கறதுதான் பிரச்சினை

கேள்வி: சொந்த ஊரு குடியாத்தம், இப்ப மான்செஸ்டர்ல வேலை செய்யறேன், வருஷ சம்பளம் 39,000 பவுண்டு. குடுக்கற 25 நாள் லீவு போக, காசு குடுத்து இன்னும் 10 நாள் வாங்கிக்கலாம்னு கம்பெனில ஒரு ஸ்கீம் இருக்கு. போன தடவ வாங்கினேன், பொங்கலுக்கும் வந்தேன், எங்க ஊரு கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கும் வந்தேன். மாசம் 90 பவுண்டுதான் குறையுது, டாக்ஸும் மிச்சம்னு கூட வேலை செய்யறவங்க சொல்றாங்க, ஆனா கைல காசே நிக்க மாட்டேங்குது. டிக்கெட் போட்ட கார்டுல 1,800 பவுண்டு பாக்கி. பொங்கலுக்கு வந்தப்ப மாமா தறிக்கு வேணும்னு கேட்டாரு, அம்மா நகைய அடகு வெச்சி 3 லட்சம் குடுத்தோம், ரெண்டு வட்டி, ரெண்டு மாசம் அவரு கட்டினாரு, அப்பறம் நான்தான் அனுப்பறேன். இப்ப இன்னொரு 2 லட்சம் கேக்கறாரு. இந்த வருஷமும் லீவு வாங்கலாமா?

பதில்: வேணாம்மா, இந்த வருஷம் வாங்காதீங்க. லீவு வாங்கறதே தப்புன்னு சொல்லல, உங்களுக்கு இப்ப வேணாம்.

90 பவுண்டுன்னு அவங்க சொன்னது சரிதான். 39,000-த்த 260 வேலை நாளால வகுத்தா நாளுக்கு 150, பத்து நாளுக்கு 1,500, அத 12 மாசத்துக்கு பிரிச்சி மாசம் 125 புடிப்பாங்க. சேலரி சாக்ரிஃபைஸ், அதாவது சம்பளத்துல ஒரு பங்க முன்னாடியே விட்டு குடுக்கற முறைன்னா அந்த 125-க்கு 20 சதவீதம் வருமான வரியும் 8 சதவீதம் நேஷனல் இன்சூரன்ஸும் (அரசாங்க பென்ஷன் மாதிரி உதவிக்கு சம்பளத்துல புடிக்கறது) கட்ட வேணாம், அதனால கைக்கு வர்றதுல 90 குறையுது. இத டாக்ஸ் மிச்சம்னு சொல்றத கேட்டா எனக்கு கோவம்தான் வருது. வாங்காத சம்பளத்துக்கு யாராவது வரி கேப்பாங்களா? 100 பவுண்டு சம்பளத்த விட்டு குடுத்து 28 பவுண்டு வரிய மிச்சம் புடிக்கறது சேமிப்பு இல்ல, செலவு. பென்ஷன் கணக்கும் குறைஞ்ச சம்பளத்து மேலதான்னா கம்பெனி போடற பங்கும் சேந்து குறையும். நடுவுல வேலைய விட்டா, எடுத்துட்ட லீவுக்கு உண்டான பாக்கிய கடைசி சம்பளத்துல மொத்தமா கழிச்சிக்குவாங்க. கம்பெனி மூலமா வாங்கின ஸ்பான்சர் விசால இருக்கீங்கன்னா சம்பளம் குறையறது விசாவ பாதிக்குமான்னு எச்ஆர்க்கு மெயில் போட்டு பதில எழுத்துல வாங்கி வெச்சிக்கோங்க, போன தடவ வாங்கினதுக்கும் சேத்து கேளுங்க.

இப்ப அந்த 90 பவுண்டோட மீதியையும் சேத்து பாருங்க. 3 லட்சத்துக்கு ரெண்டு வட்டின்னா மாசம் 6,000 ரூபா, பவுண்டு 115 ரூபான்னு வெச்சா 52 பவுண்டு. கார்டு பாக்கி 1,800-க்கு வருஷம் 24 சதவீதம்னு தோராயமா போட்டாலும் மாசம் 36. மொத்தம் 178, வருஷத்துக்கு 2,136 பவுண்டு, இதுல அசல் ஒத்த ரூபா கூட அடையல. பத்து நாளால வகுத்தா நாளுக்கு 214 பவுண்டு, நம்மூரு காசுக்கு கிட்டத்தட்ட 25 ஆயிரம். காசு குடுத்து வாங்கின அந்த ஒவ்வொரு நாளுக்கும் நீங்க அவ்ளோ குடுக்கறீங்க. போன தடவ லீவுக்கு புடிக்கறது முடியறதுக்குள்ள அடுத்த லீவு, கார்டு அடையறதுக்குள்ள அடுத்த டிக்கெட், இப்படி போனா கைல எப்படி நிக்கும்?

சிரசுக்கு வர்றத விட சொல்ல மாட்டேன், வருஷத்துக்கு ஒரு தடவ அம்மன் சிரசு ஊர்வலத்த பாக்கலன்னா குடியாத்தத்துக்காரங்களுக்கு அந்த வருஷமே நெறையாது, எனக்கு தெரியும். அது வைகாசி 1, மே நடுவுல வருது. இங்கிலாந்துல மே மாசம் மொத திங்கக்கெழமையும் கடைசி திங்கக்கெழமையும் பேங்க் ஹாலிடே, அதாவது பொது விடுமுறை. 2026-ல அது மே 4, மே 25. ரெண்டுக்கும் நடுவுல 14 நாள் லீவு போட்டா மே 2 சனிக்கெழமைல இருந்து 24 நாள் கெடைக்குது, உங்க 25 நாள்ல இன்னும் 11 கையிருப்பு. ஒத்த நாள் கூட வாங்க வேணாம். டிக்கெட்ட மட்டும் இப்பவே போடுங்க, மூணு தவணைல கட்டுன்னு வர்ற ஆப் எதையும் தொடாதீங்க, ஒரு தவணை தவறினா அதுவும் இன்னொரு கடன்தான்.

அடுத்த பொங்கலுக்கு வர வேணாம், அந்த டிக்கெட் காசுல நகைய மீட்க ஆரம்பிங்க. அடகு சீட்டு ஒண்ணா, தனித்தனியான்னு அம்மாவ பாத்து சொல்ல சொல்லுங்க. தனித்தனின்னா மொத சின்ன சீட்ட மீட்டு, அந்த நகைய அம்மா பேருல பேங்க்ல அடகு வெச்சி, வர்ற காசுல அடுத்த சீட்ட மீட்கலாம். பேங்க் வட்டி வருஷத்துக்கு 10 சதவீதம்னு வெச்சா 3 லட்சத்துக்கு மாசம் 2,500 ரூபா, இப்ப கட்டறது 6,000. மாசா மாசம் 3,500 வட்டில போறது நிக்கும், அத அப்படியே அசலுக்கு போடுங்க.

மாமாவுக்கு 2 லட்சம் கெடையாது. பழைய 3 லட்சத்துக்கு மாசம் 5,000-மாவது அம்மா அக்கவுண்ட்ல போடறாரான்னு ஆறு மாசம் பாருங்க, தறி ஓடுதுன்னா அவரால முடியும். இத ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி போன்லயே பேசி முடிச்சிடுங்க, வூட்டுல எல்லாரும் சாப்புட உக்காந்திருக்கறப்ப இந்த பேச்ச எடுக்காதீங்க, அங்க அம்மா கண்ணு கலங்கினா நீங்க மறுபடியும் சரின்னுடுவீங்க.