குரல் கெணத்துக்குள்ள கேக்குதா? மைக்க மாத்தாதீங்க, வீட்டு மெத்தைய மாடிக்குத் தூக்குங்க

கும்பகோணம் பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மாடில பத்துக்குப் பத்து ரூம், கான்கிரீட் கூரை, தரைல டைல்ஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்க லேப்டாப்போட சேக்குற பொட்டி), லேப்டாப். கரோக்கி டிராக் மேல பாடி ரெக்கார்ட் பண்றாராம். "சார், குரல் கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. மிக்ஸ் பண்ணா மியூசிக் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் நிக்குது. ஃபோம் ஒட்டி வேற மைக் போட்டா சரியாயிடும்னு கடைக்காரர் 38,000 ரூபா சொல்றாரு, வாங்கலாமா? அப்பறம் தாத்தா நாயனம் வாசிப்பாரு, அதையும் இதே ரூம்ல பதியலாமா?"

வாங்காதீங்க தம்பி. மைக் பேர்ல பழியே இல்ல. பத்துக்குப் பத்து ரூம், கூரையும் ஏறக்குறைய பத்தடி இருக்கும், அப்ப அது ஒரு டப்பா. நீளம் அகலம் உயரம் மூணும் ஒண்ணா இருக்குற ரூம்தான் சத்தத்துக்கு ரொம்ப மோசம், ஏன்னா மூணு பக்கமும் ஒரே சுருதியப் புடிச்சிக்கிட்டு சேந்து முழங்கும். கணக்கு போட்டா 56 ஹெர்ட்ஸ், 113 ஹெர்ட்ஸ்னு வருது. நீங்க ரெண்டு கட்டைல பாடுறவரா இருந்தா கீழ்ப் பஞ்சமம் 110 ஹெர்ட்ஸ், அதாவது நீங்க பஞ்சமத்துக்கு எறங்குறப்பல்லாம் ரூமும் கூடவே பாடுது. இதுல நட்ட நடுவுல ஸ்டாண்ட் போட்டு நிக்கறது இன்னும் தப்பு, அந்த 113 அங்கதான் அதிகம். ஒரு சுவத்துலேருந்து ரெண்டரை மூணு அடி தள்ளி நில்லுங்க, அந்தச் சுவரு உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும்.

அந்த முதுகுப் பக்கச் சுவத்துலதான் மெத்தையச் சாத்தணும். இலவம்பஞ்சு மெத்தை இருந்தா ரொம்ப நல்லது, இல்லாட்டி ரெண்டு மூணு ரஜாய். தரைல ஜமக்காளம். எல்லாரும் என்ன பண்றாங்கன்னா மைக்குக்குப் பின்னாடி அரை வட்டமா ஒரு தடுப்ப வாங்கி மாட்டிட்டு முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்க. மைக்குக்கு முதுகுப் பக்கம் காது கெடையாது தம்பி, அது உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கு, உங்க தலைக்குப் பின்னாடி சுவத்துல மோதித் திரும்புற சத்தந்தான் நேரா அதுக்குள்ள போகுது. அப்ப எங்க துணி வேணும்? இத ஏன் எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டேங்குறாங்கன்னா வீட்டு மெத்தைக்கு கமிஷன் கெடையாது.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் போதும். ரெண்டடி தள்ளி நின்னா ரூம்தான் பதிவாகும், தூரத்த பாதியாக்குனா உங்க குரல் மட்டும் 6 டெசிபல் ஏறும், ரூம் சத்தம் அப்படியே இருக்கும், பைசா செலவில்லாம பாதிக் கெணறு தூந்துடும். இன்னொண்ணு, கேக்கவே சங்கடமாத்தான் இருக்கு, மைக்கோட எந்தப் பக்கம் பாடுறீங்க? குண்டா நெட்டுக்குத்தலா நிக்கிற கண்டென்சர் மைக்குல பெரும்பாலும் லோகோ இருக்குற பக்கந்தான் முகம். உச்சந்தலைல பாடிட்டு மைக் சரியில்லன்னு என்கிட்ட தூக்கிட்டு வந்தவங்க எத்தன பேரு.

ஃபோம் விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் எனக்கு வயிறு எரியுது. ஒரு இஞ்ச் ஃபோம் மேல் சத்தத்த மட்டும் முழுங்கும், அடில முழங்குறத ஒண்ணும் பண்ணாது. 113 ஹெர்ட்ஸோட ஒரு அலையே பத்தடி நீளம், அத ஒரு இஞ்ச் பஞ்சு தடுக்குமா? நாலு சுவத்துலயும் ஒட்டுனீங்கன்னா குரல்ல இருக்குற தெளிவு போயிடும், கெணறு மட்டும் மிச்சமிருக்கும். வெளிச் சத்தத்தையும் அது நிறுத்தாது. முட்டை அட்டையும் இதே கதைதான். சாதா ஃபோம் தீப்புடிச்சா குபுகுபுன்னு எரிஞ்சு விஷப்புகை வேற. ஏசி வயரும் ஸ்விட்ச் போர்டும் இருக்குற சுவத்துல அத ஒட்டிட்டுப் போறவன ஏன்னு கேக்க ஆளில்ல. அதேமாதிரி 'ஹோம் ஸ்டுடியோ காம்போ'ன்னு கைதட்டல், சிரிப்புச் சத்தத்துக்கெல்லாம் பட்டன் வச்ச பொட்டி ஒண்ணு விக்கிறாங்க, பாட்டுக்கு எதுக்கு தம்பி சிரிப்புச் சத்தம்? ஷூர் எஸ்எம்58 பாதி வெலைக்குத் தர்றேன்னு எவனாவது சொன்னா ஓடிடுங்க, 1966-லேருந்து வர்ற மைக், அதுக்கு வர்ற போலிக்குக் கணக்கே இல்ல.

இப்ப மிக்ஸ். குரல் ஏன் தனியா நிக்குதுன்னா கரோக்கி டிராக் ஏற்கனவே யாரோ மாஸ்டரிங், அதாவது கடைசி மெருகு பண்ணி, அழுத்தி, உச்சிக்கு ஏத்தி வச்ச சரக்கு, அதுல எடமே இல்ல, நீங்க அதுமேல குரல வச்சு கத்தவிட்டா எப்படி ஒட்டும். மொதல்ல டிராக்க 8 டெசிபல் எறக்குங்க. பாடும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலத் தாண்டாம கெயின் (மைக் சத்தத்த ஏத்தி எறக்குற திருகு) வைங்க, 24 பிட்ல பதிஞ்சா கம்மியா இருக்கேன்னு பயமே வேணாம், செவப்பு எரிஞ்சாதான் போச்சு, அதத் திருத்த முடியாது. குரல்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க. கம்ப்ரஸர் (ஏறுற சத்தத்த அமுக்கி சமமாக்குறது) மூணுக்கு ஒண்ணு, முள்ளு 4 டெசிபல் அசைஞ்சா போதும். அப்பறம் டிராக்ல 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு 2 டெசிபல் கொறைங்க, குரலுக்கு வழி விட்ட மாதிரி. ரிவர்ப், அதாவது நாமளா சேக்குற எதிரொலி, கடைசில, அதுவும் ரூம் எதிரொலி போனப்பறம்தான். எதிரொலி மேல ரிவர்ப் போடறது நாறுன கொழம்புல பெருங்காயம் போடற மாதிரி. ஃபோன் ஸ்பீக்கர்ல ஒரு தடவ கேளுங்க, அங்க வார்த்த புரிஞ்சா எங்கயும் புரியும். பாடும்போது ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேணவே வேணாம், சத்தம் லேட்டா வரும், தாளம் போயிடும்.

யாராவது 'ஸ்பாட்டிஃபைக்கு ஏத்த மாஸ்டரிங்'னு பாட்டுக்கு 5,000 கேட்டா குடுக்காதீங்க. ஸ்பாட்டிஃபைக்காரங்களே மைனஸ் 14 LUFS (பாட்டோட சராசரி சத்தத்துக்கான அளவு) அளவுக்கு தானா ஏத்தி எறக்கிப்பாங்க, சத்தமா குடுத்தா கொறச்சிடுவாங்க, அவ்ளோதான். அதவிட மோசம், 'நாங்களே அப்லோட் பண்ணித்தர்றோம்'னு வர்றவங்க. நாளைக்கு நீங்க சொந்தமா மெட்டுப்போட்ட பாட்டக் கூட அவங்க பேர்ல யூடியூபோட கன்டென்ட் ஐடில (பாட்டு யாரோடதுன்னு தானா கண்டுபுடிக்கிற ஏற்பாடு) போட்டுட்டா, உங்க பாட்டுக்கு உங்களுக்கே கிளெய்ம் வரும். அதுக்கப்பறம் மெயில் போட்டுக்கிட்டே கெடக்கவேண்டியதுதான், மிஷின்தான் பதில் சொல்லும், மனுஷன் வரமாட்டான்.

லேப்டாப் சார்ஜர் சொருகுனா ங்ங்ங்னு சத்தம் வந்தா சார்ஜரக் கழட்டிட்டு பேட்டரில பதியுங்க. சுவத்துல மூணு ஓட்டை இருக்கும், பின்னாடி எர்த் வயரே இருக்காது, நம்ம வீடுகள்ல நெறைய அப்படித்தான். ஆடி மாசத்துல கோயில் ஸ்பீக்கர் அலறும், அப்ப வீட்ல ரெக்கார்டிங் வைக்காதீங்க. ராத்திரி பத்து மணிலேருந்து காலைல ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-லயே விதி போட்டாச்சு, குடியிருப்புப் பகுதில ராத்திரிக்கு 45 டெசிபல்தான்னும் எழுதியிருக்கு. கூம்பு ஸ்பீக்கர் கட்டுறவரு அதப் படிச்சிருக்காரான்னு தெரியல, படிச்சவங்க ஸ்டேஷன்ல இருந்தும் ஒண்ணும் ஆகல.

தாத்தா நாயனம். இங்க நான் மேல சொன்னதையெல்லாம் தலகீழா வாங்கிக்கோங்க, இதத்தான் நெறைய பேரு கெடுக்கிறாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். மெத்தை கட்டுன ரூம்ல நாயனம் பதிஞ்சா காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கும். அது தெறந்த வெளிக்கும் கோயில் பிரகாரத்துக்கும் பொறந்த வாத்தியம், சுத்தி சத்தம் பரவ எடம் இருந்தாதான் அதோட உருண்டை வரும். அந்த மாடி ரூம் வேணவே வேணாம், கீழ கூடம், திண்ணை, தெரிஞ்ச கல்யாண மண்டபம் காலியா இருக்குற நேரம், இப்படி பாருங்க. மைக் ஒரு சாண்ல கூடாது, நாலஞ்சு அடி தள்ளி வைங்க. அணசுக்கு (நாயனத்தோட அடில விரிஞ்ச வாய்) நேரா வைக்கவே வைக்காதீங்க, சத்தம் அணசு வழியா மட்டும் வர்றதில்ல, வெரல் வைக்கிற தொளை எல்லாத்துலேருந்தும் வருது, அதனால குழலோட நடுப்பகுதியப் பாத்து, கொஞ்சம் மேலேருந்து. மைக்குல பேட் சுவிட்ச் (உள்ள வர்ற சத்தத்தக் கொறைக்கிறது) இருந்தா போட்டுடுங்க, கெயின் அடிமட்டத்துல. தாத்தா உச்சஸ்தாயில ஒரு தடவ முழு மூச்சுல வாசிச்சதுக்கப்பறம்தான் லெவல முடிவு பண்ணணும், சீவாளி (வாய்ல வச்சு ஊதுற நாணல்) பதம் பாக்கும்போது வாசிக்கிற சத்தத்த வச்சு முடிவு பண்ணா ராகம் சூடு புடிக்கிற எடத்துல கிழிஞ்சிடும். அது நெடிய பாரி நாயனமா இருந்தா பரவால்ல, குட்டை திமிரின்னா இன்னும் ஒரு ரெண்டடி தள்ளுங்க. தவில் கூட இருந்தா அவர எதிர்ப்பக்கம், மைக்கோட முதுகுக்குப் பின்னாடி உக்கார வைங்க. கம்ப்ரஸர் போடாதீங்க. அவர் ஏத்தி எறக்குறதுதான் வாசிப்பே.

பதிஞ்சத வேவ் ஃபைலா ரெண்டு எடத்துல வைங்க, ஒண்ணு வீட்லயே ஹார்ட் டிஸ்க்ல, இன்னொண்ணு வெளியூர்ல இருக்குற சொந்தக்காரங்ககிட்ட. வாட்ஸ்அப்ல ஆடியோவா அனுப்பிட்டு ஒரிஜினல அழிச்சிடாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்பினா மட்டுந்தான் அப்படியே போய்ச் சேரும்.