டிவிடென்டுக்கு திரும்ப வரி வருமா? அது கிடக்கட்டும், அந்த நகையை முதல்ல எடுங்கோ

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில இருக்கிற டீச்சர். சம்பளம் மாசம் 110,000. பிக்ஸட் டெப்பாசிட் வட்டி வருசம் 2 லட்சம், அதில 20,000 வரி எண்டு பேங்க் வெட்டிட்டுது. 2025 கடைசியில அத்தான் சொல்லி நகையை 14 வீத வட்டிக்கு அடைவு வைச்சு, 50 ரூபா ஷேர் 10,000 வாங்கினன். 25,500 டிவிடென்ட் (கம்பனி லாபத்தில ஷேர்காரருக்குத் தாற பங்கு) வந்தது, பிறகு 47 ரூபாக்கு வித்து ரெண்டு மாசத்தில நகையை எடுத்தன். இந்த மாசம் திரும்ப வைச்சிருக்கிறன், அடுத்த டிவிடென்டுக்கு வாங்கச் சொல்லுறார். ரிட்டர்ன்ல இதைப் போட்டா ரெண்டாந்தரம் வரி கட்டோணுமா? நித்திரையே வருதில்ல.

பதில்: வராது. கம்பனி உங்கட ஷேருக்கு அறிவிச்ச முழு டிவிடென்ட் 30,000, கம்பனியே 15 வீதம், அதாவது 4,500, கழிச்சு இறைவரிக்குக் கட்டிட்டுத்தான் மிச்சத்தை போட்டிருக்கு. உள்ளூர் கம்பனி டிவிடென்டுக்கு அந்த 15 வீதம்தான் இறுதி வரி, சம்பளத்தோட கூட்டிறேல்ல. ரிட்டர்ன்ல இறுதி வரி கழிச்ச வருமானமா காட்டுங்கோ, ஒளிக்க ஒண்டுமில்ல, டிவிடென்ட் நோட்டீசை மட்டும் எறியாம வைச்சிருங்கோ.

பிக்ஸட் வட்டி அப்பிடியில்ல. அதில வெட்டின 10 வீதம் இறுதி வரி இல்ல, வட்டியை வருமானத்தோட கூட்டத்தான் வேணும். உங்கட கணக்கு சம்பளம் 13 லட்சத்து 20 ஆயிரம், வட்டி 2 லட்சம், மொத்தம் 15 லட்சத்து 20 ஆயிரம். 2025/26க்கு 18 லட்சம் வரைக்கும் வரியே இல்ல. அப்ப நீங்கள் பயப்பிட வேண்டிய ஆள் இல்ல, 20,000ஐ திரும்பக் கேக்க வேண்டிய ஆள்! நவம்பர் 30க்கு முதல் ரிட்டர்ன் போட்டு கேளுங்கோ, இனிமேல் வெட்டாம இருக்க உங்கட டின் நம்பரோட (வரிப் பதிவு இலக்கம்), வருமானம் 18 லட்சத்துக்குள்ள எண்டு பேங்கில சுய பிரகடனம் ஒண்டு எழுதிக் குடுங்கோ.

இனி அத்தான்ட விசயம். கடிதத்தில நீங்கள் போற போக்கில எழுதினதுதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. வந்தது 25,500, சரி. 50க்கு வாங்கி 47க்கு வித்ததில போனது 30,000. வாங்கேக்க 1.12 வீதம் விக்கேக்க 1.12 வீதம் எண்டு புரோக்கர் கட்டணம், லெவி எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 10,900. அடைவு வட்டி ரெண்டு மாசத்துக்கு 11,700 வரும். போனது 52,600, வந்தது 25,500, சுத்தமா 27,000 நட்டம். அதை சம்பளத்தில இருந்துதான் போட்டு நகையை எடுத்திருப்பீங்கள், இல்லையா?

டிவிடென்ட் பேங்க் புத்தகத்தில ஒரு வரியா பளிச்செண்டு தெரியும், நட்டம் புரோக்கர் பில்லில கொஞ்சம், அடைவுச் சீட்டில கொஞ்சம், விலையில கொஞ்சம் எண்டு பிரிஞ்சு கிடக்கும், ஆரும் கூட்டிப் பாக்கிறேல்ல. எக்ஸ்டி நாளில, அதாவது அண்டைக்கு வாங்கிறவைக்கு அந்த டிவிடென்ட் கிடைக்காத முதல் நாளில, டிவிடென்ட் அளவுக்கு விலை இறங்கிறது வழமை, உங்களுக்கு மட்டும் நடந்த கெட்ட காலம் இல்ல. டிவிடென்டுக்கு முதல் வாங்கி, வந்த பிறகு விக்கிற இந்த "டிவிடென்ட் பிடிக்கிற" விளையாட்டை வாட்ஸ்அப் குரூப்புகளில பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கதைக்கினம், எனக்கு கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. அடைவு வட்டியை அந்த டிவிடென்டில கழிக்கவும் ஏலாது, இறுதி வரி எண்டா மொத்தத் தொகைக்குத்தான். பங்குச் சந்தையில பதிஞ்ச (லிஸ்டட்) ஷேர் வித்த லாபத்துக்கு கேப்பிடல் கெயின்ஸ் வரி இல்லாதபடியா நட்டத்தைக் காட்டியும் ஒரு பிரயோசனமும் இல்ல.

அத்தான் கெட்டவர் எண்டு சொல்லேல்ல. அவர் சும்மா கிடக்கிற சொந்தக் காசில விளையாடுறாராக்கும், அவருக்கு அடைவு வட்டி ஓடுறேல்ல, உங்களுக்கு நாளுக்கு 190 ரூபாக்கு மேல ஓடுது. இந்தமுறை காசு இன்னும் கணக்கிலதானே கிடக்கு? திங்கக்கிழமை பள்ளிக்கூடம் முடிய பேங்குக்குப் போய் கட்டி நகையை எடுங்கோ, பிறகு அத்தானுக்கு சொல்லுங்கோ. முதல்ல சொல்லப் போனா அவர் கதைச்சே உங்களை மாத்திப்போடுவார்.

ஷேர் ஆசை விடேல்லையெண்டா, வரித் திணைக்களத்திட்ட இருந்து அந்த 20,000 திரும்பி வரட்டும், அதில வாங்குங்கோ.